ராஜமுந்திரியில் இறங்குங்கள்: கோதாவரிக் கரை நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புவனேஸ்வரம், கொல்கத்தா பக்கம் ரயிலில் போன எல்லோரும் இந்த ஊரைக் கடந்திருப்பார்கள். கொவ்வூர் தாண்டியதும் ரயிலின் சத்தம் மாறும். பெட்டியில் ஒருவர் "கோதாவரி வந்தாச்சு" என்பார். எல்லோரும் ஜன்னல் பக்கம் வருவார்கள், தாய்மார்கள் பிள்ளைகள் கையில் சில்லறையைக் கொடுத்து ஆற்றில் போடச் சொல்வார்கள். சில நிமிடங்களில் பாலம் முடிந்துவிடும். ராஜமுந்திரி ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டு மறுபடி படுத்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தேன். ஒருமுறை இறங்கினேன். அதற்குப் பிறகு போகிற போதெல்லாம் இறங்குகிறேன். திரும்பி வந்ததும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ராஜமுந்திரி என்ற பெயருக்கும் முந்திரிக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. ஊரின் பெயர் ராஜமகேந்திரவரம். 'ராஜமகேந்திரன்' என்பது கீழைச் சாளுக்கிய அரசர்களின் பட்டப்பெயர். ராஜமகேந்திரி என்று வழங்கி, ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து 'ராஜமண்ட்ரி' ஆனது. தமிழில் அது ராஜமுந்திரி. 2015இல் ஆந்திர அரசு பழைய பெயரையே அதிகாரப்பூர்வமாக்கியது. பலகைகளில் ராஜமகேந்திரவரம் என்றுதான் பார்ப்பீர்கள். ஆட்டோக்காரரும் பஸ் கண்டக்டரும் இன்னும் ராஜமண்ட்ரி என்றே சொல்கிறார்கள்.

ஊர் எங்கே இருக்கிறது?

ஆந்திரப் பிரதேசத்தில், கோதாவரியின் இடது கரையில். நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறந்து 1,465 கிலோமீட்டர் ஓடும் ஆறு, கடலுக்குப் போகும் முன் கடைசியாக ஒரே உடம்பாக இருக்கும் இடம் இதுதான். அதனால் இங்கே அதை 'அகண்ட கோதாவரி' என்கிறார்கள். கொஞ்சம் கீழே தவளேஸ்வரத்தில் கௌதமி, வசிஷ்டா என்று பிரிய ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து ரயிலில் சுமார் 580 கிலோமீட்டர். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் தலைநகரம் ஆனது. அதுவரை அந்தப் பெருமை காக்கிநாடாவிடம் இருந்தது.

சோழர்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு?

சம்பந்தி உறவு. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

ராஜராஜ சோழன் தன் மகள் குந்தவையை இந்தப் பகுதியை ஆண்ட வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய அரசன் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தான். இவள் ராஜராஜனின் அக்கா குந்தவை அல்ல, அத்தையின் பெயர் சூட்டப்பட்ட மகள். அந்த மகளுக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாத்தாவின் பெயர் வைத்தார்கள்: ராஜராஜ நரேந்திரன். பேரன் என்ற சொல்லே 'பெயரன்', அதாவது பெயரைத் தாங்குபவன். வேங்கி அரண்மனையில் அந்த வழக்கம் அப்படியே நடந்திருக்கிறது.

நரேந்திரனுக்குப் பட்டம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. மாற்றாந்தாய் மகன் விஜயாதித்தன் போட்டிக்கு நின்றான். அவனுக்கு மேலைச் சாளுக்கியர் துணை, இவனுக்கு மாமன் ராஜேந்திர சோழனின் படை துணை. 1022இல் நரேந்திரன் முடி சூடினான். ராஜேந்திரனின் படை கங்கை வரை போனதும் இதே காலத்தில்தான். கங்கை நீரோடு திரும்பிய தளபதியை ராஜேந்திரன் கோதாவரிக் கரையில் சந்தித்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போன நீர் கோதாவரியைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

அப்புறம் நரேந்திரன் கல்யாணம் செய்துகொண்டது யாரை? மாமன் மகளைத்தான். ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை. அவர்களுக்குப் பிறந்த பையனுக்கு மறுபடி தாய்வழித் தாத்தாவின் பெயர், ராஜேந்திரன். அவனும் சோழர் வீட்டிலேயே, இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். 1070இல் சோழ அரியணைக்கு வாரிசு இல்லாமல் போனபோது அந்தப் பேரன்தான் தெற்கே வந்து உட்கார்ந்தான். நாம் முதலாம் குலோத்துங்கன் என்று பாடப்புத்தகத்தில் படித்தவன் அவன்தான். தந்தை வழியில் கோதாவரி, தாய் வழியில் காவிரி. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாம் கொண்டாடும் அரசனின் அப்பா ஆண்ட ஊர் இது. இந்த ஒரு செய்திக்காகவே தமிழர்கள் இங்கே ஒருநாள் தங்கலாம் என்பது என் எண்ணம்.

ஊரை நிறுவியது நரேந்திரனா?

உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் "ஆமாம்" என்பார்கள். 'ராஜமகேந்திரன்' என்ற பட்டம் அவனுக்கு நூறு வருடம் முன்பே ஆண்ட முதலாம் அம்மராஜனுக்கு இருந்தது, ஊர் அந்தக் காலத்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் ஊருக்குப் புகழ் சேர்த்தவன் நரேந்திரன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தெலுங்கு இலக்கியம் பிறந்த ஊர் என்கிறார்களே, எந்த அர்த்தத்தில்?

நன்னய்ய பட்டர் இங்கே இருந்து மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடினார், அந்த அர்த்தத்தில். அதற்கு முன்பே தெலுங்கில் கல்வெட்டுகள் உண்டு, அவற்றில் செய்யுளும் உண்டு. ஆனால் இன்று நம் கையில் இருக்கும் முதல் பெரிய தெலுங்குக் காவியம் நன்னய்யருடையது. அதனால் அவர் ஆதிகவி. 2006இல் இங்கே தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் ஆதிகவி நன்னய்யா என்றுதான் பெயர்.

காவியத்தின் தொடக்கத்திலேயே அரசன் ஏன் கேட்டான் என்பது வருகிறது. சாளுக்கியர்கள் தங்களைச் சந்திர வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். பாண்டவர்களும் சந்திர வம்சம். என் முன்னோர் கதையை எனக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள் என்று கேட்கிறான் நரேந்திரன். தாய்வழியில் தமிழ், அரசவையில் வடமொழி, ஊரில் தெலுங்கு. இப்படி மூன்றுக்கும் நடுவில் வளர்ந்த ஒருவன் ஊர் மொழியைத் தேர்ந்தெடுத்தான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் மரியாதை கூடுகிறது.

நன்னய்யர் முதல் இரண்டு பருவங்களை முடித்தார். மூன்றாவதான ஆரண்ய பருவத்தின் நடுவில் காவியம் நின்றுவிட்டது. அவர் கடைசியாகப் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு ஒரு சரத்கால இரவைப் பற்றியது: நட்சத்திரங்கள் மாலை மாலையாகத் தொங்க, அல்லிப்பூ வாசனையோடு காற்று வீச, கற்பூரப் பொடி தூவியது போல நிலவொளி வானம் முழுக்க நிரம்பியிருக்கிறது. அத்தோடு முடிகிறது. ஐப்பசி இரவில் மழை ஓய்ந்த கோதாவரிக் கரையில் நின்று பார்த்தால் அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று தெரியும்.

பிறகு 13ஆம் நூற்றாண்டில் திக்கன்னா வந்தார். விட்ட இடத்தைத் தொடாமல் விராட பருவத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி 15 பருவங்களையும் முடித்தார். நடுவில் அறுந்த இடத்தை 14ஆம் நூற்றாண்டில் எர்ரன்னா தைத்துச் சேர்த்தார், அதுவும் நன்னய்யர் நடையிலேயே தொடங்கி மெல்லத் திக்கன்னா நடைக்கு மாறி. இந்த மூவரைத்தான் 'கவித்ரயம்' என்கிறார்கள். ஒரு நூல் முடிய ஏறக்குறைய முந்நூறு வருடமும் மூன்று ஆயுளும் ஆகியிருக்கிறது.

சாளுக்கியர்களுக்குப் பிறகு?

காகதீயர், ரெட்டி அரசர்கள், ஒடிசாவின் கஜபதிகள், கிருஷ்ணதேவராயர், கோல்கொண்டா சுல்தான்கள் என்று ஊர் பல கை மாறியது. ரெட்டிகள் காலத்தில் ஸ்ரீநாதர் இங்கே இருந்து காசி காண்டத்தைப் பாடி வீரபத்ர ரெட்டிக்கு அர்ப்பணித்தார். நகரின் நடுவில் பெரிய மசூதி ஒன்று இருக்கிறது. வாசலில் 1324ஆம் ஆண்டுப் பாரசீகக் கல்வெட்டு, துக்ளக் படையெடுப்புக் காலத்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி இங்கே தங்கி ஆட்சி நடத்தினார். 1758இல் சந்துர்த்தியில் நடந்த சண்டையில் பிரெஞ்சுப் படை தோற்றதும் ஆங்கிலேயர் கை ஓங்கியது. அதிலிருந்து 1953 அக்டோபர் 1 வரை இது மதராஸ் மாகாணத்து ஊர். ராஜமுந்திரிக்காரர்களுக்குத் தலைநகரமும் ஹைகோர்ட்டும் சென்னைதான். இன்றைக்கும் வயதானவர்கள் பேச்சில் சென்னை 'மெட்ராஸ்' என்றே வரும், சொந்த ஊரைச் சொல்வது போல.

ஊர் ஊராக ஒரு வெள்ளைக்காரரின் சிலை இருக்கிறதே, அவர் யார்?

சர் ஆர்தர் காட்டன், ஆங்கிலேயப் பொறியாளர். டெல்டாவில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் குதிரைமேல் உட்கார்ந்தபடியோ, தொப்பியோடு மார்பளவிலோ அவர் சிலை இருக்கும். ஆளவந்தவர்களில் ஒருவருக்கு மக்களே காசு போட்டு இத்தனை சிலை வைத்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

காரணம் பசி. 1830களில் இந்தப் பக்கம் பெரும் பஞ்சங்கள் வந்தன. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கொத்துக்கொத்தாக மக்கள் இறந்தார்கள். ஆறு நிறையத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து வயல் காய்ந்துகிடந்தது. புயல் அடித்தால் கடல் உள்ளே வரும், வெள்ளம் வந்தால் ஆறு உள்ளே வரும், இரண்டும் இல்லாவிட்டால் வறட்சி. காட்டன் போராடி அனுமதி வாங்கி 1847இல் தவளேஸ்வரத்தில் வேலையைத் தொடங்கி 1852இல் அணையை முடித்தார். அவரோடு நின்று வேலை வாங்கிய உள்ளூர்ப் பொறியாளர் வீணம் வீரண்ணாவின் பெயரையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் நமக்கு ஒரு நெருக்கமான சங்கதி இருக்கிறது. காட்டன் இந்த வித்தையைக் கற்றது காவிரியில். கோதாவரிக்கு வரும் முன்னால், 1836இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டியவர் அவர். ஆழமே தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம் என்று அவரே எழுதியிருக்கிறார். தவளேஸ்வரத்திலும் அதே பிரச்சினை: பாறை கிடையாது, கண்ணுக்கு எட்டிய வரை மணல். ஆற்றை நடுவில் இருந்த தீவுகள் நான்கு கிளையாகப் பிரித்ததும், கல் எடுக்கப் பக்கத்திலேயே குன்று இருந்ததும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தன. 'அணைக்கட்டு' என்ற நம் சொல் ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆனது. தெலுங்கில் 'ஆனகட்ட' என்பார்கள்.

இப்போது நிற்பது பழைய அணை அல்ல. 1970களில் வேலை தொடங்கி 1982இல் முடிந்த புதிய தடுப்பணை, 175 மதகுகள். அதற்கும் காட்டன் பெயர்தான். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. கோதாவரியில் தினமும் குளிக்கும் புண்ணியத்தை எங்களுக்குத் தந்த பகீரதன் காட்டன் துரை என்று ஸ்நான சங்கல்பத்தில் சேர்த்துச் சொல்லும் வடமொழி சுலோகம் ஒன்று இந்தப் பக்கம் புரோகிதர்களிடம் வழங்குகிறது. தவளேஸ்வரத்தில் காட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது, அரைநாள் ஒதுக்குங்கள்.

ஆற்றில் எத்தனை பாலங்கள்?

நான்கு. முதலாவது ஹேவ்லாக் பாலம். அப்போதைய மதராஸ் கவர்னரின் பெயர். 1897இல் தொடங்கி 1900இல் ரயில் ஓடியது. 56 கண்கள். 1997இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஆனால் கல் தூண்கள் அப்படியே நிற்கின்றன. 1974இல் கீழே ரயிலும் மேலே சாலையுமாக இரண்டடுக்குப் பாலம் வந்தது. படங்களில் நீங்கள் பார்க்கும் வில் வில்லாக வளைந்த கான்கிரீட் பாலம் மூன்றாவது, 28 வில்கள், 1997. நான்காவது 2015இல் திறந்த சாலைப் பாலம். மாலையில் படகில் போனால் ஓய்வுபெற்ற பழைய பாலத்தின் தூண்களுக்கு நடுவே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். அதற்கு டிக்கெட் எடுத்த காசு வீண்போகாது.

புஷ்கரம் என்றால் என்ன? அடுத்தது எப்போது?

குரு பகவான் ஒவ்வொரு ராசியாக நகரும்போது ஒவ்வொரு ஆற்றுக்கும் புஷ்கரம் வரும். சிம்மத்துக்குள் நுழையும்போது கோதாவரிக்கு. 12 ஆண்டுக்கு ஒருமுறை, 12 நாள். 2017இல் காவிரிக்கும் 2018இல் தாமிரபரணிக்கும் நம் பக்கம் கொண்டாடினோமே, அதே கணக்கு. கோதாவரிக்கு 2003, 2015, அடுத்தது 2027.

ராஜமுந்திரியில் அந்தப் 12 நாளும் ஊர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அல்ல, பல மடங்காகிவிடும். ஸ்நானம் மட்டுமல்ல, இறந்த முன்னோருக்குப் பிண்டம் வைப்பதுதான் பலருக்கு முக்கியம். ஆனால் 2015 ஜூலை 14ஆம் தேதி, முதல் நாள் காலையிலேயே, புஷ்கர காட் என்னும் ஒரே படித்துறையில் கூட்டம் நெரிந்து 27 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், வயதானவர்கள். 2027இல் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் நாளும் கடைசி நாளும் வேண்டாம். புஷ்கர காட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கோடிலிங்கம், கௌதமி, சரஸ்வதி என்று நிறையப் படித்துறைகள் இருக்கின்றன, எங்கும் ஓடுவது அதே தண்ணீர்தான்.

கந்துகூரி வீரேசலிங்கம் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் இந்த ஊர்தானா?

இங்கே பிறந்தவர், 1848இல். பத்திரிகை நடத்தினார், பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார், தெலுங்கின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ராஜசேகர சரித்திரத்தை எழுதினார். எல்லாம் 1870, 80களில். ஆனால் ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது விதவை மறுமணத்துக்காக. 1881 டிசம்பர் 11ஆம் தேதி இரவு, தன் வீட்டில் முதல் கல்யாணத்தை நடத்தினார். மணப்பெண் கௌரம்மாவுக்கு ஒன்பது வயது. அந்த வயதிலேயே விதவை. இதை எழுதும்போது கை நிற்கிறது.

கல்யாணத்துக்கு வந்தவர்களைச் சாதியிலிருந்து தள்ளிவைத்தார்கள். புரோகிதர் கிடைப்பது கஷ்டமானது, சமையல்காரர்கள் நின்றுவிட்டார்கள், தண்ணீர் சுமப்பவர்களும் வர மறுத்தார்கள். அப்போது அவர் மனைவி ராஜ்யலட்சுமி தானே கோதாவரிக்குப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். சீர்திருத்தவாதிகளின் வரலாற்றில் அவர்கள் பேசிய பேச்சு பதிவாகிறது, அடுப்பு எரித்தவர்கள் பதிவாவதில்லை. ராஜ்யலட்சுமியின் பெயரை இந்த ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. வீரேசலிங்கம் கடைசியில் 1919இல் சென்னையில் இறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தெலுங்குப் பேராசிரியராகவும் இருந்தவர்.

சென்னையில் ஆந்திர மகிள சபாவை 1937இல் தொடங்கிய துர்காபாய் தேஷ்முக்கும் ராஜமுந்திரியில் பிறந்தவர்தான், 1909இல். அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சுதந்திரப் போராட்டத்தில்?

1907 ஏப்ரலில் வங்கத் தலைவர் விபின் சந்திர பால் இங்கே வந்து பேசினார். ஆங்கிலப் பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம். முடிவில் மேடையிலேயே ஒரு பாட்டுக் கட்டிச் சொன்னார்: பாரத நாடு ஒரு நல்ல கறவைப் பசு, இந்துக்கள் அதன் கன்றுக்குட்டிகள், பாலுக்கு அழுகின்றன, வெள்ளை இடையர்கள் கன்றின் வாயைக் கட்டிவிட்டுக் கெட்டிக்காரத்தனமாகக் கறக்கிறார்கள். நாலு வரிதான். அந்த வாரமே தெலுங்கு நாடு முழுக்கப் பாடியது என்பார்கள். மாணவர்கள் வந்தே மாதரம் பேட்ஜ் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போய்ப் படிப்பை இழந்தார்கள். பயிற்சிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட காடிசர்ல ஹரிசர்வோத்தமராவ் பின்னாளில் பெரிய தலைவரானார். டச்சுக்காரர் கோட்டையாக இருந்த இடத்தில் உருவான மத்தியச் சிறையிலும் தலைவர்கள் பலர் அடைபட்டுக் கிடந்தார்கள்.

ஓவியத்தில் ஆர்வம் உண்டு. பார்க்க ஏதாவது?

தாமெர்ல ராமாராவ் கலைக்கூடம். இதைத் தவறவிடாதீர்கள். 1897இல் பிறந்த ராமாராவின் கையைக் கண்டுபிடித்தவர் இங்குள்ள அரசு கலைக் கல்லூரியின் முதல்வர் ஆஸ்வால்ட் கூல்ட்ரே. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு அனுப்பிவைத்தார். ராமாராவ் திரும்பிவந்து இங்கே ஒரு ஓவியப் பள்ளி தொடங்கினார். 1925இல் பெரியம்மையில் இறந்தார். இருபத்தெட்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் வரைந்தவை இந்தக் கூடத்தில் இருக்கின்றன. பெண்கள் தலைக்குப் பூச்சூட்டிக்கொள்ளும் படத்தின் முன் நான் வெகுநேரம் நின்றேன். கோதாவரி மாவட்டத்துப் பெண்ணின் தோள்சாய்வு, சேலைக் கட்டு, அவசரமில்லாத கை. அன்று கூடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தில் இவ்வளவு குறைந்த கூட்டம் இருக்கக் கூடாது.

என்ன சாப்பிடலாம்?

முதலில் பூத்தரேக்குலு. ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ஆத்ரேயபுரம் கிராமத்து இனிப்பு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'பூத்த' என்றால் பூசிய, 'ரேக்கு' என்றால் மெல்லிய தகடு, நம் தங்க ரேக்கில் வரும் அதே ரேக்கு. கடையில் வாங்குவதைவிடச் செய்வதைப் பாருங்கள். ஒரு பெரிய பானையைக் கவிழ்த்துவைத்து அடியில் காய்ந்த தென்னை ஓலையை எரிக்கிறார்கள். பக்கத்தில் நீர்க்க அரைத்த அரிசி மாவு. ஒரு மெல்லிய துணியை மாவில் முக்கி, இரண்டு முனையையும் பிடித்து, சூடான பானை முதுகில் ஒரே இழுப்பு. துணி கடந்த மறுநொடி பானைமேல் வெள்ளைக் காகிதம் போல ஒன்று படிந்து, ஓரம் தானாகவே பெயர்ந்து நிற்கிறது. விரலால் எடுத்து அடுக்குகிறார்கள். அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் தெரியும். பிறகு நெய் தடவி, பொடித்த சர்க்கரையோ வெல்லமோ தூவி மடிப்பார்கள். நான் பார்த்த அம்மாவின் கை நின்று நான் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே இழுத்தார். வாயில் போட்டால் கடிக்க ஒன்றும் இருக்காது, கரைந்துவிடும். வெல்லம் போட்டதுதான் என் தேர்வு.

இரண்டாவது புலசை மீன், காசும் நேரமும் வாய்த்தால். ஆடி, ஆவணியில் புது வெள்ளம் செம்மண் நிறத்தில் வரும்போது கடலிலிருந்து முட்டையிட ஆறேறும் மீன் இது. கடலில் பிடித்தால் விலசை, ஆற்றுத் தண்ணீர் குடித்தபிறகு புலசை. தமிழில் உள்ளம் மீன் என்கிறோம், வங்காளிகளுக்கு இலிஷ். 'தாலியை விற்றாவது புலசை தின்னு' என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மண்சட்டியில், விறகடுப்பில், புளிக்கரைசலும் வெண்டைக்காயும் போட்டு நிதானமாகக் கொதிக்கவிட்டு, மறுநாள் சாப்பிட வேண்டும். அன்றைக்கே பரிமாறினால் அந்த வீட்டுக்காரருக்குப் புலசை தெரியாது என்று அர்த்தம். முள் அதிகம், குழந்தைகளுக்கு எடுத்துக்கொடுங்கள்.

அப்புறம் பலாப்பிஞ்சைக் கொத்திச் செய்யும் பனசப்பொட்டுக் கூர, உப்புமாவை உள்ளே வைத்த பெசரட்டு, தாபேஸ்வரத்து மடத்த காஜா, வெயில் நேரத்தில் ரோஸ் மில்க். ரோஸ் மில்க்குக்கு இந்த ஊரில் ஒரு பக்தர் கூட்டமே உண்டு.

எத்தனை நாள் வேண்டும்? எப்போது போகலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை நல்லது. கோடையில் வெயில் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் ஆறு தன் முழு உடம்போடு இருக்கும், ஆனால் தவளேஸ்வரத்து அளவுகோலைக் கவனியுங்கள். 11.75 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 13.75க்கு இரண்டாவது, 17.75க்கு மூன்றாவது. 1986 ஆகஸ்ட் வெள்ளத்தில் வினாடிக்கு 35 லட்சம் கன அடி போனது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைத் தேதி போலப் பயன்படுத்துகிறார்கள், "எண்பத்தாறுக்கு முன்னால் கட்டிய வீடு" என்று.

இரண்டு நாள் போதும், மூன்று நாள் இருந்தால் நிம்மதி. ஊருக்கு ஒரு நாள், தவளேஸ்வரமும் கடியம் நர்சரிகளும் ஒரு நாள். கடியத்தில் கிலோமீட்டர் கணக்கில் செடிக்கன்றுகள்தான். மூன்றாவது நாள் பட்டிசீமை. ஆற்று நடுத் தீவில் வீரபத்திரர் கோயில். பாப்பிகொண்டலு மலைகளுக்கு நடுவே படகுப் பயணமும் உண்டு. 2019 செப்டம்பரில் கச்சுலூர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அனுமதி பெற்ற படகு, உயிர்காப்புச் சட்டை, இரண்டும் இல்லாமல் ஏறாதீர்கள்.

தெலுங்கு தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும், ஒரே ஒரு சொல் கற்றுக்கொண்டால் போதும்: 'அண்டி'. கோயமுத்தூர்க்காரர்கள் எதற்கும் 'ங்க' சேர்ப்பது போல இவர்கள் எதற்கும் 'அண்டி' சேர்ப்பார்கள். வாங்க என்பது 'ரண்டி', உட்காருங்க என்பது 'கூர்ச்சோண்டி'. பேரனிடம் பேசும் பாட்டிகூட மரியாதை குறையாமல் பேசுவார். நாம் ஏதாவது சொன்னால் 'ஆய்' என்பார்கள். அது நம் 'சரிங்க'. ஆந்திராவின் மற்ற பகுதிக்காரர்கள் இதைக் கேட்டவுடனே "கோதாவரியா?" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேலியும் அதே மரியாதையோடுதான் வரும். 'எட்டகாரம்' என்பார்கள். முதல் தடவை படித்துறையில் ஒரு பெரியவர் என் ஊரைக் கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். "அப்போ எங்க ராஜாவோட மாமனார் ஊர்க்காரங்களா, ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தோளில் இருந்த துண்டை எடுத்துப் படியைத் தட்டி இடம் காட்டினார். ஆரத்தி தொடங்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.